அண்டிப்பருப்பும் ஆஸ்துமா ஊசியும்: எல்லையோரத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் உள்ள ஒரு ஊரிலிருந்து 2023 செப்டம்பரில் ஒரு அம்மாவும் மகளும் என்னிடம் வந்தார்கள். மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. அம்மாவுக்கு அண்டி ஆபீஸில் வேலை. முந்திரித் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். முந்திரிப்பருப்பு எங்களுக்கு அண்டிப்பருப்பு. அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். வீட்டில் ஒரு பாட்டியும் உண்டு. அவர்கள் சம்மதம் வாங்கி, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளை வந்தது மூச்சுத்திணறலுக்காக. அதற்கு முந்தின ஒரு வருடத்தில் மூன்று முறை ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட வேண்டி வந்திருக்கிறது. இரவில் இருமி எழுந்து உட்காருவது வாரத்தில் நாலு நாள். மழை தொடங்கினால் பள்ளிக்கூடம் போவதே சந்தேகம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும். அதனால் ஈரச்சுவரும் பூஞ்சையும் வருடத்தில் பாதி நாள் கூடவே இருக்கும்.

ஆஸ்துமாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா நடுவில் சொன்னார்: "சாரே, இவளுக்கு அண்டிப்பருப்பும் சேராது."

ஓணத்துக்கு வந்த பாயசம்

அந்த வருடம் ஆகஸ்ட் 29 திருவோணம். பாறசாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அம்மா முன்பே சொல்லிவைத்திருந்ததால், அடைப் பிரதமனில் நெய்யில் வறுத்துப் போட்ட பருப்பை எடுத்துவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுத்தார்களாம். ஆனால் அதே நெய், அதே பாயசம். நாலு கரண்டி உள்ளே போனதும் உதடு அரித்திருக்கிறது. பத்து நிமிடத்தில் வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு, குரல் அடைத்துப்போய் இழுப்பு. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

முதலில் போன இடத்தில் ஏவில் என்ற அலர்ஜி ஊசியும் ஒரு ஸ்டீராய்டு ஊசியும் போட்டுப் படுக்க வைத்தார்கள். இழுப்பு கூடிக்கொண்டே போயிருக்கிறது. அரை மணி நேரம் கழித்து வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகுதான் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டிருக்கிறார்கள். அஞ்சு நிமிடத்தில் முகம் தெளிந்தது என்றார் அம்மா.

இந்த இடத்தை நான் அவசரமாகக் கடந்துபோக மாட்டேன். தடிப்பும் வாந்தியும் இழுப்பும் சேர்ந்து வந்தால் அது அனாஃபிலாக்சிஸ், உயிரையே எடுக்கக்கூடிய ஒவ்வாமை. அதற்கு முதல் மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஏவில் அரிப்பைத்தான் குறைக்கும். ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்கில் ஆகும். இரண்டுமே அடைத்த தொண்டையைத் திறக்காது, விழுந்த இரத்த அழுத்தத்தைத் தூக்காது. அந்த அரை மணி நேரத்தில் இந்தப் பிள்ளையை நாங்கள் இழந்திருக்கலாம். இது எப்போதோ ஒருமுறை நடக்கிற தவறும் இல்லை. "அலர்ஜிக்கு ஊசி போட்டாச்சு" என்று வருகிறவர்களிடம் என்ன ஊசி என்று கேட்டால் பெரும்பாலும் இந்தக் கதைதான் கிடைக்கிறது.

விசாரித்ததில் அது மூன்றாவது முறை என்று தெரிந்தது. நாலு வயதில் ஒரு முந்திரி பர்ஃபி. வாயைச் சுற்றித் தடிப்பு மட்டும். பத்து வயதில் ஒரு கல்யாண வீட்டில், தடிப்பும் வாந்தியும். இப்போது மூச்சு.

சோதனைகள்

தோலில் குத்திப் பார்க்கும் சோதனை செய்தோம். செட்ரிசின் போன்ற மாத்திரைகளை ஒரு வாரம் நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே எழும்பாது. வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்பூச்சிக்குப் பெரிய தடிப்பு. முந்திரிக்கு 11 மில்லிமீட்டர், பிஸ்தாவுக்கு 9. முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பத்து மரங்கள், புரதங்கள் அவ்வளவு ஒத்துப்போகும். ஒன்று சேராதவருக்கு மற்றதும் பெரும்பாலும் சேராது. நிலக்கடலைக்கு ஒன்றுமே இல்லை. கடலை மிட்டாய் தாராளமாகத் திங்கலாம் என்று சொன்னதும்தான் பிள்ளை முதல் தடவை சிரித்தாள்.

இரத்தத்தில் ஐஜிஇ என்று ஒவ்வாமைக்குக் காரணமான ஒரு புரதம் உண்டு. அதன் மொத்த அளவு 268 வந்தது. இந்த எண்ணை நம்பி எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு வேலை செய்தாக வேண்டும். வயிற்றில் புழு இருந்தாலும் ஐஜிஇ ஏறும். அதனால் முதலில் புழுவுக்கு மருந்து கொடுத்து, மலப் பரிசோதனையும் பார்த்துவிட்டு எடுத்த அளவு இது. அன்றைக்கு எடை 44 கிலோ.

இன்ஹேலரை எப்படி எடுக்கிறாள் என்று என் முன்னால் எடுத்துக் காட்டச் சொன்னேன். மருந்தில் பாதி நாக்கிலேயே தங்கிவிட்டது. ஸ்பேசர் என்ற குழாயை இன்ஹேலரில் மாட்டி எடுக்கப் பழக்கினோம். இலவம்பஞ்சுத் தலையணையைத் தூக்கி எறிந்து, மெத்தைக்கும் தலையணைக்கும் உறை போட்டு, படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை கொதிக்கிற தண்ணீரில் துவைக்கச் சொன்னேன். அண்டி ஆபீஸில் இருந்து வருகிற அம்மா சேலையை மாற்றி, கையும் முகமும் கழுவிவிட்டுத்தான் பிள்ளை பக்கத்தில் போக வேண்டும் என்றும் சொன்னேன். மூன்று மாதம் இப்படிப் போனது. கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. டிசம்பரில் மறுபடியும் ஸ்டீராய்டு மாத்திரை.

அதன் பிறகுதான் ஒமாலிசுமாப் ஊசியைப் பற்றிப் பேசினேன். சோலேர் என்ற பெயரில் கடையில் கிடைப்பது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003 ஜூனில் ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கு இதை அனுமதித்தது. எடையையும் ஐஜிஇ அளவையும் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் இவளுக்கு நாலு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம், அதாவது இரண்டு குப்பி. ஒரு குப்பியின் விலை அம்மாவின் ஒரு மாதக் கூலியைவிட அதிகம். கல்ஃபில் இருக்கும் மாமன் ஆறு மாதத்துக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். 2024 ஜனவரியில் தொடங்கினோம்.

அம்மா கேட்ட கேள்வி

முதல் ஊசிக்கு வந்த அன்று அம்மா ஒரு துண்டுச் சீட்டு கொண்டுவந்திருந்தார். வீட்டில் யார் யாருக்கு என்னென்ன சேராது என்று மகளை விட்டு எழுதவைத்தது. மகளுக்கு அண்டிப்பருப்பு. அம்மாவுக்குக் கையில் தோல் உரிதல். பாட்டிக்குச் சூரை மீன். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காரணமே இல்லாமல் தினமும் வருகிற தடிப்பு.

"சாரே, இது அலர்ஜிக்கு உள்ள ஊசிதானே? அப்போ இதெல்லாத்துக்கும் கேக்குமா?"

மருந்து நோய்க்குக் கேட்குமா என்று நாம் கேட்கிறோமே, அந்தக் கேள்விதான். எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. பதில் சொல்ல ஊசி கரையும் நேரம் முழுவதும் பிடித்தது. நாங்கள் வாங்கிய குப்பியில் மருந்து பொடியாகத்தான் இருக்கும். ஊசித் தண்ணீர் விட்டுக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லச் சுழற்றிச் சுழற்றி வைக்க வேண்டும். தேன் மாதிரிக் கெட்டியாகத் தெளிவதற்கு இருபது நிமிடம் ஆகும். நர்ஸ் குப்பியைச் சுழற்றிக்கொண்டிருக்க, நான் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன்.

உடம்பில் மாஸ்ட் செல் என்று ஒருவகை அணு இருக்கிறது. தோலில், மூக்கில், நுரையீரலில், குடலில் எங்கும் உண்டு. அதன் வயிறு முழுக்க ஹிஸ்டமின் மாதிரியான சரக்கு. அதன் மேல்தோலில் ஐஜிஇ என்ற புரதம் கொக்கி போல மாட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு கொக்கியும் ஒரு குறிப்பிட்ட பொருளுக்காகச் செய்தது: ஒன்று தூசிப் பூச்சிக்கு, ஒன்று முந்திரிக்கு. அந்தப் பொருள் வந்து பக்கத்து பக்கத்துக் கொக்கிகளில் ஒன்றாக மாட்டினால் அணு வெடித்துச் சரக்கைக் கொட்டும். நுரையீரலில் கொட்டினால் இழுப்பு, தோலில் கொட்டினால் தடிப்பு, குடலில் கொட்டினால் வாந்தி.

இந்தக் கொக்கியைக் கண்டுபிடித்ததே மீன் சேராத ஒருவரால் தொடங்கிய கதை. 1921-இல் ஜெர்மனியில் ஹைன்ஸ் கியூஸ்ட்னர் என்ற மருத்துவருக்கு வேகவைத்த மீன் ஆகாது. அவருடைய சீரத்தை எடுத்துக் கார்ல் பிரவுஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலுக்குள் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைக் குத்தியதும் தடித்து எழும்பியது. இரத்தத்தில் ஏதோ ஒன்று இந்த 'சேராமையை' ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குக் கொண்டுபோகிறது என்று அன்று தெரிந்தது. அந்த ஏதோ ஒன்று ஐஜிஇ என்று கண்டுபிடிக்க 1966 வரை ஆனது. அமெரிக்காவில் இருந்த கிமிஷிகே இஷிசாக்கா, தெருக்கோ இஷிசாக்கா தம்பதியும், ஸ்வீடனில் ஜோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியாக அதைப் பிடித்தார்கள்.

ஒமாலிசுமாப் செய்வது ஒரே வேலை. இரத்தத்தில் மிதக்கும் ஐஜிஇயைப் பிடித்து, மாஸ்ட் செல்லில் மாட்டும் அந்த முனையையே மூடிவிடும். புதுக் கொக்கி மாட்ட முடியாது. கொக்கி வராமல் போகப் போக, அதை மாட்டும் வளையங்களையும் அணு குறைத்துக்கொள்ளும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். தூசிக்கான ஐஜிஇ, முந்திரிக்கான ஐஜிஇ என்று அது தரம் பிரிப்பதில்லை, எல்லாவற்றையும் பிடிக்கும்.

அதனால் சீட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நான் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதற்குப் பின்னால் ஐஜிஇ இருக்கிறதா?

சீட்டின் கடைசி வரிகள் முதலில்

பாட்டியின் சூரை மீன். எத்தனை முறை வந்தது என்று கேட்டால், ஒரே முறை. அன்று வீட்டில் சூரை சாப்பிட்ட நாலு பேருக்குமே முகம் சிவந்து தலை வலித்திருக்கிறது. மீன் நாக்கில் மிளகு மாதிரிச் சுள்ளென்று இருந்ததாம். அதற்குப் பிறகும் முன்பும் சூரை சாப்பிட்டு ஒன்றும் வந்ததில்லை. இது ஒவ்வாமையே கிடையாது. சூரை, அயிலை மாதிரி மீன்களைப் பிடித்ததும் ஐஸில் வைக்காமல் விட்டால் கிருமிகள் மீனின் சதையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. வெளியிலிருந்து ஹிஸ்டமினையே சாப்பிட்டால் உள்ளே கொக்கியை மூடி என்ன பயன்? பாட்டிக்குத் தேவை ஊசி இல்லை, ஐஸ் போட்ட மீன். அவர் சூரை சாப்பிடலாம் என்று சொல்லியனுப்பினேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு வருவது நாள்பட்ட தடிப்பு நோயாக இருந்தால், இந்த ஊசி கேட்கும். ஆறு வாரத்துக்கு மேல் வெளிக்காரணம் எதுவும் இல்லாமல் வருகிற தடிப்புக்கு 2014-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். இதில் ஐஜிஇ அளவு, எடை எதையும் பார்ப்பதில்லை. வெளியிலிருந்து எந்தப் பொருளும் வராமலேயே ஐஜிஇ இதில் பங்கு வகிக்கிறது, பலரிடம் உடம்பின் சொந்தப் புரதத்துக்கு எதிராகவே அது எழும்புகிறது. ஆனால் முதலில் சாதாரண அலர்ஜி மாத்திரையையே அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். நிறையப் பேருக்கு அதிலேயே அடங்கிவிடும்.

இப்போது அம்மாவின் கை. இதைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். அவர் முன்பு முந்திரிக்கொட்டை ஓட்டை உடைக்கிற பிரிவில் இருந்தவர், அப்போது பருப்பின் தோலை உரிக்கும் பீலிங் பிரிவில் இருந்தார். விரல் நுனிகள் கறுத்து, தோல் தடித்து, மடிப்பு மடிப்பாக வெடித்திருந்தது. கட்டைவிரலில் ரேகையே இல்லை. ஆதார் அட்டைக்கு விரல் வைத்தால் எந்திரம் ஏற்கவில்லை என்றார். முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய்தான் காரணம். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சேரா மரம், முந்திரி, மாமரம் மூன்றும் ஒரே குடும்பம். அந்த எண்ணெய் கொஞ்சம் நேரடியாகவே சுடுகிறது. கூடவே ஒரு ஒவ்வாமையும் உண்டாகிறது. ஆனால் இந்த ஒவ்வாமை டி செல் என்ற வெள்ளை அணுக்களின் வேலை. பட்ட உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத் தோல் சிவந்து கொப்பளிக்கும். இதில் ஐஜிஇக்கு இடமே இல்லை. ஆகவே ஒமாலிசுமாப் கேட்காது.

எனக்கு இது ஆச்சரியமாகவே இருக்கிறது. ஒரே கொட்டை. அதன் ஓடு அம்மாவின் கையைக் கெடுக்கிறது, அதன் பருப்பு மகளின் மூச்சை நிறுத்துகிறது. இரண்டுக்கும் 'அலர்ஜி' என்று ஒரே பெயர். ஆனால் உடம்புக்குள் இரண்டும் வேறு வேறு பாதை. அம்மாவுக்குக் கையுறையும், வேலைக்கு முன் தேய்க்க எண்ணெயும், வெடிப்புக்கு ஸ்டீராய்டு களிம்பும் கொடுத்தேன். பருப்பின் தோலை உரிப்பதே விரல் நுனியின் கணக்கில் ஓடுகிற வேலை; கையுறை போட்டால் கை ஓடாது, எடை குறையும், எடை குறைந்தால் கூலி குறையும். அதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் கையுறையை வாங்கிப் பையில் வைத்தார்.

முந்திரி என்ற வரி

மகளின் முந்திரிக்கு வருவோம். நிமிடத்தில் வருகிறது, தோல் சோதனையில் எழும்புகிறது, ஐஜிஇ தான். அப்படியானால் ஆஸ்துமாவுக்குப் போடும் ஊசி இதற்கும் கேட்க வேண்டுமே?

இந்தக் கேள்வியை மருத்துவ உலகம் 20 வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 2003-இல் ஒமாலிசுமாபுக்கு அண்ணன் தம்பி போன்ற டிஎன்எக்ஸ்-901 என்ற மருந்தை நிலக்கடலை சேராத 84 பேரிடம் பரிசோதித்தார்கள். கூடின அளவு பெற்றவர்கள் சராசரியாக அரைக் கடலைக்கே உடம்பு எதிர்த்தவர்கள்; மருந்துக்குப் பிறகு ஏறக்குறைய ஒன்பது கடலை வரை தாங்கினார்கள். அப்போதே பாதை தெரிந்துவிட்டது. ஆனால் மருந்துக் கம்பெனிகளுக்குள் நடந்த வழக்கிலும் ஒப்பந்தத்திலும் அந்த மருந்து அப்படியே கைவிடப்பட்டது. ஒமாலிசுமாப் ஆஸ்துமாவுக்கு மட்டும் போனது. உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகள் ஒரு தலைமுறைக் காலம் காத்திருந்தார்கள் என்றுதான் நான் சொல்வேன். பத்து வயதுப் பிள்ளை முப்பது வயதாவதற்கு ஆகும் காலம் அது.

எங்கள் பிள்ளைக்கு முதல் ஊசி போட்டு ஒரு மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 16 அன்று, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களின் உணவு ஒவ்வாமைக்கு ஒமாலிசுமாபை அனுமதித்தது. அதற்கு ஆதாரமான ஆய்வின் பெயர் அவுட்மேட்ச். நிலக்கடலையோடு குறைந்தது இன்னும் இரண்டு உணவுகள் சேராதவர்கள் அதில் இருந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். 16 வாரத்துக்கு மேல் ஊசி போட்டபின், மருத்துவர் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 600 மில்லிகிராம் கடலைப் புரதத்தை, அதாவது இரண்டு இரண்டரைக் கடலையை, ஊசி போட்டவர்களில் 67 சதவீதம் பேர் தாங்கினார்கள். மருந்து இல்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 7 சதவீதம்.

நான் தேடிப் பார்த்தது முந்திரிக்கான எண்ணை. 1000 மில்லிகிராம் முந்திரிப் புரதம், தோராயமாக மூன்று நாலு பருப்பு. மருந்து ஊசி போட்டவர்களில் 41 சதவீதம், வெறும் ஊசி போட்டவர்களில் 3 சதவீதம் பேர் தாங்கினார்கள். பாலிலும் முட்டையிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் தாங்கியிருக்க, முந்திரியில் பாதிக்கும் கீழே. நம் ஊர்க்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கேட்கிறது, ஆனால் எல்லாருக்கும் கேட்பதில்லை. யாருக்குக் கேட்கும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது.

அனுமதியும் 'இனி சாப்பிடலாம்' என்பதற்கான அனுமதி கிடையாது. தெரியாமல் கொஞ்சம் உள்ளே போய்விட்டால் ஆபத்தைக் குறைக்க மட்டும்தான். சேராத உணவைத் தொடர்ந்து ஒதுக்கியே ஆக வேண்டும். வந்துவிட்ட அனாஃபிலாக்சிசுக்கு இந்த ஊசி உதவாது, அதற்கு அட்ரினலின்தான்.

பரோட்டாக் கடை

ஜூலையில், ஏழாவது ஊசிக்குப் பத்து நாள் கழித்து, பள்ளி விட்டு வரும்போது தோழிகளோடு ரோட்டோரக் கடையில் பரோட்டா. குருமா வெள்ளையாக இருந்தது. கேட்டதற்கு "தேங்காய்தான் மோளே" என்றிருக்கிறார் கடைக்காரர். தேங்காயோடு உடைந்த அண்டிப்பருப்பும் அரைத்துச் சேர்ப்பார்கள் என்று அவர் நினைவுக்கு வரவில்லை. உடைசல் பருப்பு எங்கள் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும், குருமா கெட்டியாவதற்கு அதைப் போடுவார்கள். ஒரு பரோட்டா முழுக்கத் தின்று முடித்திருக்கிறாள்.

உதடு அரித்தது. கழுத்தில் ஆறேழு தடிப்பு. அவ்வளவுதான். வாந்தி இல்லை, இழுப்பு இல்லை, குரல் அடைக்கவில்லை. நேராக என்னிடம் கூட்டிவந்தார்கள். இரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் சரியாக இருந்தன. அட்ரினலினைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் உட்காரவைத்தேன். தடிப்பு தானாக அடங்கியது.

அம்மாவின் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். "ஊசி காப்பாத்திட்டு சாரே. இனி அவ திங்கலாமா?"

இல்லை என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். அந்தக் குருமாவில் எவ்வளவு பருப்பு இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. பாயசத்தைவிடக் குறைவாக இருந்திருக்கலாம். அதோடு, ஓணத்தின்போது அவளுக்கு ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. ஆஸ்துமா அடங்காதவர்களுக்கு உணவு ஒவ்வாமை உயிருக்கு ஆபத்தாக மாறும் வாய்ப்பு அதிகம். ஜூலைக்குள் அவள் நுரையீரல் நன்றாக இருந்தது: ஏழு மாதத்தில் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை இல்லை, இரவில் எழுந்திருப்பது நின்றிருந்தது. ஊசி முந்திரியை நேரடியாகத் தடுத்ததா, ஆஸ்துமாவை அடக்கியதன் வழியாகக் காத்ததா, அன்றைக்குப் பருப்பே குறைவா? மூன்றும் சேர்ந்திருக்கலாம். அளந்து கொடுத்துப் பார்க்கும் சோதனையைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். அவர்களுக்கு அதற்குத் துணிவு வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஒரு பிள்ளையின் ஒரு நாள் அனுபவத்தை நான் ஆதாரம் என்று எழுத மாட்டேன். அளந்து பார்த்த ஆய்வுகள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது, அந்த அளவில் வைத்துக்கொள்கிறேன்.

நடுவில் ஒரு குழப்பமும் வந்தது. யாரோ சொன்னார்கள் என்று வேறொரு லேபில் ஐஜிஇயை மறுபடி பார்த்திருக்கிறார்கள். 268 இருந்தது 900-ஐத் தாண்டிவிட்டது. ஊசி விஷமாகிவிட்டதோ என்று பயந்து ஓடிவந்தார்கள். இந்த ஊசி போடுகிறவர்களுக்கு அப்படித்தான் வரும். மருந்து பிடித்துவைத்த ஐஜிஇ உடனே வெளியேறாமல் இரத்தத்திலேயே கட்டுண்டு கிடக்கும். லேப் அதையும் சேர்த்து எண்ணிவிடும். வேலை செய்யும் ஐஜிஇ குறைந்திருக்க, தாளில் எண் ஏறியிருக்கும். ஊசி நிறுத்தி ஒரு வருடம் வரை இந்த எண்ணைப் பார்த்து அளவை மாற்றக் கூடாது.

கையும் ஊசியும்

இந்த ஊசியாலேயே ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு அனாஃபிலாக்சிஸ் வரலாம். அதனால் முதல் மூன்று முறை இரண்டு மணி நேரம், அதற்குப் பிறகு அரை மணி நேரம் என்று அவளைக் காத்திருக்க வைத்தோம். அந்தக் காத்திருப்பு நேரத்தைத்தான் அட்ரினலின் போடப் பழக்கப் பயன்படுத்தினேன்.

தொடையில் வைத்து அழுத்தினால் போதும் என்கிற தானியங்கி ஊசி எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் கிடைப்பதில்லை. கண்ணாடி ஆம்பூல்தான் உண்டு, ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம். அதை உடைத்து, ஒரு மில்லி சிரிஞ்சில் 0.4 வரை இழுத்து, தொடையின் வெளிப்பக்கம் நேராகக் குத்த வேண்டும். இன்சுலின் சிரிஞ்சு வேண்டாம், அதன் ஊசி குட்டை, தசைக்குப் போகாது. மட்டிப்பழத்தில் குத்திப் பழகினார்கள். பிள்ளை இரண்டாவது தடவையே சரியாகச் செய்தாள். அம்மாவுக்கு ஆம்பூலின் கழுத்தை உடைப்பது கஷ்டமாக இருந்தது. வெடித்த விரல் நுனியில் கண்ணாடி அழுந்தியதும் கையை இழுத்துக்கொண்டார். மூன்றாவது தடவை சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து உடைத்தார். கண்ணாடி உடையும் அந்தச் சின்னச் சத்தம் கேட்டதும் என்னைப் பார்த்து, "இனி வரும் சாரே" என்றார். அன்றிலிருந்து அவர் பையில் இரண்டு ஆம்பூல், இரண்டு சிரிஞ்சு, ஒரு கைக்குட்டை. பிள்ளையின் புத்தகப் பையிலும் அதே. வகுப்பு ஆசிரியையும் ஒரு சனிக்கிழமை வந்து பழகிவிட்டுப் போனார்.

ஆறு மாதம் என்று சொன்ன மாமன் ஒரு வருடம் வரை பணம் அனுப்பினார். 2025 ஜனவரியோடு அதுவும் நின்றது. ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பிள்ளையே கேட்டாள். மருந்து உடம்பில் பாதியாகக் குறைய 26 நாள் ஆகும், சில மாதத்தில் ஐஜிஇ மறுபடி போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும், முந்திரி பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தே நடக்க வேண்டும் என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்போ குருமா வேண்டாம்" என்றாள்.

நிறுத்தி ஐந்து மாதம் வரை பார்த்தேன். ஸ்பேசர் வைத்து இன்ஹேலரை ஒருநாள் விடாமல் எடுக்கிறாள். மழை தொடங்கியதும் ஒருமுறை இழுப்பு வந்தது, ஸ்டீராய்டு மாத்திரை இல்லாமலேயே அடங்கியது. முந்திரி உள்ளே போகவில்லை. அம்மா கிரேடிங் பிரிவுக்கு மாற்றிக் கேட்டு வாங்கியிருக்கிறார். பருப்பைத் தரம் பார்த்துப் பிரிக்கும் வேலை, ஓட்டு எண்ணெய் படாது. கூலி கொஞ்சம் குறைவு. கடைசியாக வந்தபோது கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனியில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது, கட்டைவிரலில் ரேகை லேசாகத் தெரிந்தது. பையைத் திறந்து ஆம்பூலின் காலாவதித் தேதியை என்னிடம் காட்டி, அடுத்த மாதம் மாற்ற வேண்டும் என்று அவரே சொன்னார்.